பத்துப் புடவை போதும்!

நம் நாட்டில் நடந்த யுத்தங்களைப் பற்றிச் சரித்திர ஆசிரியர்கள் கனத்த புத்தகங்கள் பல எழுதியிருக்கிறார்கள். ஆனால், உத்தியோகத்துக்குப் போகும் பெண்மணிகளின் வீடுகளில் தினந்தோறும் காலை ஏழரை மணிக்குப் பீரோவுக்கு முன்னால் நடக்கிறதே ஒரு யுத்தம், அதைப் பற்றி ஒருவரும் ஒரு வரிகூட எழுதக் காணோம். புடவை கைக்குக் கிடைத்தால் அதற்கேற்ற ரவிக்கை அகப்படுவதில்லை. ரவிக்கை அகப்பட்டால் அதில் மேல் கொக்கி இருப்பதில்லை. இரண்டும் சரியாக இருந்துவிட்டாலோ, புடவை கொடியிலிருந்து நேரே பீரோவுக்குள் போன கசங்கல் புடவையாக இருக்கும். இதற்குள் அடுப்பில் பால் பொங்குகிறது, குழந்தை காலுறையைக் காணோம் என்று கூவுகிறது, கூடத்திலிருந்து, "இன்னுமா ஆகவில்லை?" என்று ஓர் ஆண்குரல் கேட்கிறது. கெடியாரமோ யாருக்கும் தாட்சண்யம் காட்டுவதில்லை.

கடைசியில் அந்த அம்மாள் என்ன செய்கிறாள்? அறுபது புடவைகள் அடுக்கியிருக்கும் பீரோவைப் பார்த்து, "உடுத்திக்கொள்ள ஒன்றுமே இல்லை" என்று பெருமூச்சு விடுகிறாள். பிறகு, முந்தா நாள் கட்டிய அதே நீலப் புடவையை எடுத்துச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறாள். இதைக் கேட்டுக் குடும்பத் தலைவர் நகைக்கிறார். "அறுபது இருக்கும்போது ஒன்றுமில்லையாம்!" என்று நண்பர்களிடம் சொல்லியும் மகிழ்கிறார்.

அவர் நகைப்பதில் நியாயமில்லை. அந்த அம்மாள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. பீரோவில் அறுபது புடவைகள் இருக்கின்றன. அவற்றில் இருபதுக்கு ரவிக்கை இறுகிப்போய்விட்டது. பத்துக்கு ரவிக்கையே இன்னும் தைக்கவில்லை. பத்து, கல்யாணங்களில் வைத்துக் கொடுத்தவை. நிறம் பிடிக்காது, கொடுக்கவும் மனம் வராது. பத்து, பட்டு. மிச்சமுள்ள பத்தில் ஐந்து அழுக்குக் கூடையில் கிடக்கின்றன. ஆகவே, காலை ஏழரை மணிக்கு உடுத்தத் தகுதியானவை ஐந்தே ஐந்துதான். அந்த ஐந்தும் மற்ற ஐம்பத்தைந்துக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன!

எழுபத்தைந்து மணி நேரம்

"இதென்ன, அற்ப விஷயம்!" என்று சிலர் சொல்லக்கூடும். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

புடவை தேடுவதிலும், ரவிக்கை பொருத்திப் பார்ப்பதிலும், ஊக்கு எங்கே என்று அலைவதிலும் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் வீணாகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் ஒன்றரை மணி நேரம். லீவு நாட்களைத் தள்ளி வருஷத்துக்கு ஐம்பது வாரம் என்று கொண்டால் எழுபத்தைந்து மணி நேரம். அதாவது, இரவும் பகலும் சேர்த்து மூன்று முழு நாட்களுக்கும் அதிகமாக, வருஷந்தோறும் பீரோவுக்கு முன்னால் நின்றுகொண்டே கழிகின்றன.

அதுவும் எந்தக் கால் மணி நேரம்? காலை ஐந்து மணிக்கு எழுந்து, பால் காய்ச்சி, காப்பி போட்டு, சிற்றுண்டி செய்து, மூன்று பேருக்கு மத்தியானச் சாப்பாடு கட்டி, குழந்தைக்குத் தலைவாரிவிட்ட பிறகு, அந்தப் பெண்மணிக்கென்று மிஞ்சும் ஒரே கால் மணி நேரம் அதுதான். உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடிக்கவோ, பத்திரிகையின் முதல் பக்கத்தையாவது பார்க்கவோ அவளுக்கு வேறு பொழுது கிடையாது. அந்த நேரத்தைப் பீரோ விழுங்கிவிடுகிறது. பசியோடும் படபடப்போடும் காரியாலயத்துக்குப் போய்ச் சேருகிறாள். இது அற்ப விஷயமென்று நம்மால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சீருடையின் ரகசியம்

வீட்டில் மிகவும் சீக்கிரமாக உடுத்திக்கொள்கிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்துப் பையன்தான்! காலுறை காணாமற்போகும் நாட்களைத் தவிர, மூன்று நிமிஷத்தில் அவன் தயார். இன்றைக்கு எதைப் போட்டுக்கொள்வது என்ற கேள்வியே அவனுக்கு இல்லை. பள்ளிக்கூடத்தார் அதை எப்பொழுதோ தீர்மானித்துவிட்டார்கள். போலீஸ்காரர், ஆஸ்பத்திரித் தாதி, பஸ் கண்டக்டர் எல்லோருக்கும் இந்தப் பாக்கியம் உண்டு.

இதிலுள்ள ரகசியத்தை மேல் நாட்டார் கண்டுகொண்டு வெகு காலமாகிறது. 1970-ஆம் வருஷங்களில் லண்டனில் துணிக் கடை நடத்திய சூசி ஃபோ என்ற அம்மையார், ஒன்றோடொன்று சேரக்கூடிய சில நல்ல உடைகளை மட்டும் வைத்துக்கொண்டால் போதும் என்று தம் வாடிக்கைக்காரர்களுக்கு எடுத்துச் சொன்னார். 1985-ல் நியூயார்க்கில் டோனா காரன் என்ற பெண்மணி, உத்தியோகம் பார்க்கும் மாதர்களுக்காக ஏழே உருப்படிகள் கொண்ட ஓர் உடைத் தொகுதியை அறிமுகப்படுத்திப் பெரும் புகழ் பெற்றார். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த பராக் ஒபாமா 2012-ல் ஒரு பத்திரிகைப் பேட்டியில், தாம் சாம்பல் நிறத்திலும் நீல நிறத்திலும் மட்டுமே உடை அணிவதாகச் சொன்னார். தீர்மானிக்க வேண்டிய பெரிய காரியங்கள் பல இருப்பதால், எதை உண்பது எதை உடுப்பது என்பதிலெல்லாம் மனத்தைச் செலவிட அவர் விரும்பவில்லையாம்.

இதற்காக நாம் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போக வேண்டியதில்லை. நம் பாட்டிமார்களில் பலருக்குக் கொடியில் இரண்டு, பெட்டியில் இரண்டு, விசேஷத்துக்கு ஒரு பட்டு என்பதுதான் கணக்கு. வறுமை காரணமாகத்தான் பலர் அப்படி இருந்தார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த மகாத்மா காந்தி, 1921-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 22-ந் தேதி, குல்லாயையும் மேற்சட்டையையும் துறந்து முழத்துண்டை மட்டும் உடுக்க ஆரம்பித்தது அந்த வறுமையை எண்ணித்தான். கதர் வாங்கக் காசில்லையே என்று ஏழைகள் சொன்ன பதில் அவர் உள்ளத்தைச் சுட்டது. அது ஒரு மகானின் துறவு. பீரோவை ஒழுங்குபடுத்துவதற்கு அத்தனை பெரிய தியாகம் வேண்டாம். ஆனால், உடுப்பதைக் குறைத்துக்கொண்டவர்கள் எளிமையாகவும் கம்பீரமாகவும் இருக்க முடியும் என்பதற்கு அதைவிட மேலான சாட்சி நமக்கு வேறு தேவையில்லை.

சீருடை வேண்டாம், குப்பைக் குவியலும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. தீர்மானத்தைத் தினந்தோறும் காலையில் செய்யாமல், துணி வாங்கும்போது ஒரு முறையும், ஞாயிற்றுக்கிழமை ஒரு முறையும் செய்து முடித்துவிடுவதுதான் அந்த வழி.

முதல் ஞாயிற்றுக்கிழமை

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்த பிறகு, கூடத்தில் ஒரு பாயை விரித்துப் பீரோவை அடியோடு காலி செய்யுங்கள். பாதி காலி செய்வதில் பிரயோஜனமில்லை. அடித்தட்டில் கிடப்பவைகூட வெளிச்சத்துக்கு வர வேண்டும். பிறகு மூன்று குவியலாகப் பிரியுங்கள். சென்ற இரண்டு மாதங்களில் கட்டியவை முதல் குவியல். பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் உரிய பட்டுகள் இரண்டாவது குவியல். ஒரு வருஷமாகத் தொடாதவை மூன்றாவது.

முதல் குவியலைக் கவனித்துப் பாருங்கள். உங்களுக்குப் பொருந்துவது எது, பிடித்தது எது என்பதை உங்களுடைய கைகளே உங்களைக் கேட்காமல் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும். கடைக்காரர் சொல்வதையும் அடுத்த வீட்டு அம்மாள் சொல்வதையும்விட அந்தக் குவியல் சொல்வதே சரியான யோசனை.

பட்டுகளைத் தனியே வையுங்கள். அவற்றுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. பழைய மல் வேட்டித் துணியில் சுற்றி வைத்து, சில மாதங்களுக்கு ஒரு முறை மடிப்பை மாற்றி மடித்தால், மடித்த இடத்தில் சரிகை முறியாது. பாச்சை உருண்டை பட்டிலும் சரிகையிலும் நேரே படக்கூடாது. அதையும் ஒரு துணியில் முடிந்துதான் வைக்க வேண்டும்.

மூன்றாவது குவியலில் ஒவ்வொரு புடவையையும் எடுத்து, 'ஏன் கட்டவில்லை?' என்று ஒரு கேள்வி மாத்திரம் கேளுங்கள். ரவிக்கை இல்லை, கீழ்க் கரைக்கு உட்பட்டை தைக்கவில்லை, ஓரம் அடிக்கவில்லை என்பன போன்ற பதில்கள் வந்தால், அவை தையற்காரரிடம் போக வேண்டியவை. நிறம் ஒத்துக்கொள்ளவில்லை, கனமாக இருக்கிறது, எனக்கே பிடிக்கவில்லை என்று பதில் வந்தால், அவை பிறரிடம் போக வேண்டியவை. தங்கை, நாத்தனார், பழகியவர்கள் என்று நல்ல நிலையில் உள்ள துணியைக் கேட்டு வாங்கிக்கொள்ள எத்தனையோ பேர் இருப்பார்கள். கிழிந்த நூல் புடவை என்றால் அதைப் போல் உபயோகமான பொருள் வேறில்லை. குழந்தைக்குத் தூளியாகும், நாலு மடிப்பாகத் தைத்தால் பச்சைக் குழந்தைக்கு மெத்தை விரிப்பாகும்.

ஏன் பத்து?

பத்து என்று நாம் சொன்னதைக் கேட்டுச் சிலர், "அது எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது?" என்று கேட்கலாம். வண்ணான் கணக்குச் சாஸ்திரத்தில்தான்!

வாரத்துக்கு ஆறு நாள் வேலை, ஆறு புடவை. ஞாயிற்றுக்கிழமை அவற்றைத் துவைத்து உலர்த்தி இஸ்திரிக்குப் போட்டால் செவ்வாய்க்கிழமை சாயங்காலந்தான் திரும்பி வரும். ஆகவே திங்களுக்கும் செவ்வாய்க்கும் இரண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சென்னையில் அடைமழை பிடித்துக்கொண்டால், நூல் துணி மூன்று நாளானாலும் ஈரம் போகாமல் வாடை வீசும். அந்த நாட்களுக்கென்று சீக்கிரம் உலரும் செயற்கை இழைப் புடவை இரண்டு. ஆகப் பத்து. ஐந்து நாள் வேலை உள்ளவர்களுக்கு ஒன்பது போதும். வீட்டிலேயே இஸ்திரி போடுகிறவர்களுக்கு எட்டே தாராளம்.

மழைக்கால இரண்டைத் தவிர மற்ற எட்டும் கைத்தறியாக இருப்பது நம்முடைய சீதோஷ்ணத்துக்கு ஏற்றது. சென்னையின் சித்திரை வெயிலில், வியர்வையை உறிஞ்சிக் காற்றை உள்ளே விடும் நூல் புடவைக்கு ஈடாக ஒன்றும் கிடையாது. அதிருஷ்டவசமாகத் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுப்பதற்குக் குறைவில்லை. பெரிய கட்டங்களும் அகலமான கரையும் கொண்ட காரைக்குடிக் கண்டாங்கி, எவ்வளவு துவைத்தாலும் தளராது. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரையில் சௌராஷ்டிர சமூகத்தார் வளர்த்த சுங்குடிக்கு 2005-லேயே அந்தக் கௌரவம் கிட்டியது. துணியைப் புள்ளி புள்ளியாக முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்த்து எடுக்கும் வேலை அது. கோயமுத்தூர்ப் பக்கத்தில் பட்டும் பருத்தியும் கலந்து நெய்யும் கோரா, மேலதிகாரிகள் கூடும் தினத்துக்கும் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கும் பொருத்தமானது. இவற்றில் வகைக்கு இரண்டும், கரை மட்டும் உள்ள சாதாரணக் கதரிலோ கைத்தறியிலோ இரண்டுமாக எடுத்தால் எட்டும் ஆயிற்று.

வாங்கும்போது நூலின் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றனவோ அதுவே நூலின் நம்பர். நம்பர் கூடக் கூட நூல் மெல்லியதாகும். 60, 80 நம்பர் நூலில் நெய்தவை தினந்தோறும் கட்டித் துவைக்கத் தாங்கும். 100, 120 நம்பரில் நெய்தவை பூப்போல மெல்லியவை. விலையும் அதிகம், பத்திரமும் அதிகம் வேண்டும்.

நிறத்துக்கும் ஓர் ஒழுங்கு அவசியம். ஆனந்தா நீலம், கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ, வெங்காயச் சருகு என்று கடையில் எல்லா நிறங்களும் நம்மை அழைக்கும். எல்லாவற்றையும் வாங்கினால் எதுவும் எதனோடும் சேராது. மூன்று நிறங்களை உங்கள் நிறங்களாக முதலில் வைத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, சந்தனம், கருநீலம், அரக்கு. புடவையின் உடல் எந்த நிறமாக இருந்தாலும் இருக்கட்டும். கரையிலோ கட்டத்திலோ இந்த மூன்றில் ஒன்று இருக்க வேண்டும். அப்படியிருந்தால், கிளிப்பச்சைப் புடவையானாலும் அரக்குக் கரையின் தயவால் உங்கள் வீட்டு அரக்கு ரவிக்கையோடு சம்பந்தம் செய்துகொண்டுவிடும்.

நாலு ரவிக்கை

காலைக் கலவரத்தில் பாதிக்குமேல் புடவையினால் வருவதில்லை, ரவிக்கையினால்தான் வருகிறது. ஒவ்வொரு புடவையோடும் ஒட்டிக்கொண்டு வரும் துணியை வெட்டி, அந்தப் புடவைக்கென்றே ஒரு ரவிக்கை தைப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அறுபது புடவைக்கு அறுபது ரவிக்கை. ஒன்று காணாமற்போனால் ஒரு புடவையே காணாமற்போன மாதிரிதான்.

இதற்குப் பதிலாக, கறுப்பு, சந்தனம், அரக்கு, கருநீலம் ஆகிய நாலு நிறங்களில், நிறத்துக்கு இரண்டாக, நல்ல நூல் துணியில் எட்டு ரவிக்கைகள் தைத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறத்தில் இரண்டு எதற்கென்றால், ரவிக்கையைத் தினமும் துவைக்க வேண்டியிருக்கிறது. வெட்டுவதற்கு முன் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்தினால், தைத்த பிறகு சுருங்கி ஏமாற்றாது. உங்களிடம் இருப்பவற்றிலேயே உடம்போடு நன்றாகப் பொருந்தும் ஒன்றை அளவு ரவிக்கையாக வைத்துக்கொண்டு, எப்பொழுதும் அதையே தையற்காரரிடம் கொடுங்கள். இரண்டு பக்கத் தையலிலும் உள்ளே ஓர் அங்குலம் துணி விடச் சொல்லுங்கள். தீபாவளிப் பட்சணங்களுக்குப் பிறகு அந்த ஓர் அங்குலத்தின் அருமை தெரியும்!

உள்பாவாடை சந்தனத்தில் இரண்டு, கறுப்பில் இரண்டு, அரக்கில் ஒன்று இருந்தால் போதும். வெளிர்நிறப் புடவைகளுக்குச் சந்தனமும், அடர்ந்த நிறங்களுக்கு மற்றவையும் பொருந்தும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பத்துப் புடவை, நாலு நிற ரவிக்கை. ஒவ்வொரு புடவையும் இரண்டு நிறங்களோடு சேருமென்றால் இருபது விதமாக உடுத்தலாம். மூன்று வாரத்துக்கு மேல் ஒரே கோலம் இரண்டாம் முறை வராது. புடவைக்குப் பதிலாகச் சுடிதார் அணியும் இளம் பெண்களுக்கும் இதே கணக்குத்தான். ஒன்றாகச் சேர்த்து விற்கும் தொகுதிகளை விட்டு, ஆறு குர்த்தா, மூன்று கால்சட்டை, மூன்று துப்பட்டா என்று தனித்தனியாக, ஒன்றோடொன்று சேரும்படி வாங்கினால், பன்னிரண்டு உருப்படிகளைக் கொண்டு ஐம்பத்து நாலு விதம் உடுத்தலாம்.

பீரோவின் வாசலில்

இவ்வளவும் செய்துவிட்டுக் காவலை மட்டும் மறந்தால் ஆறே மாதத்தில் பீரோ பழைய நிலைமைக்குத் திரும்பிவிடும். அதற்கு இரண்டு விதிகள் போதுமானவை.

முதல் விதி: உடுத்தத் தயாராக இல்லாத துணி பீரோவுக்குள் நுழையக்கூடாது. கொக்கி அறுந்த ரவிக்கைக்கும், இஸ்திரி போடாத புடவைக்கும், கறை போகாத பாவாடைக்கும் வெளியே ஒரு கூடை வையுங்கள். வேலை முடிந்த பிறகுதான் அவற்றுக்குப் பிரவேசம். இந்த ஒரு விதியை அநுசரித்தால், கண்ணை மூடிக்கொண்டு எதை எடுத்தாலும் கட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது விதி: புதிதாக வருகிற புடவை, வீட்டிலுள்ள இரண்டு ரவிக்கைகளோடாவது சேர வேண்டும், வரும்போது பழையது ஒன்று விடைபெற வேண்டும். கடைக்குப் போகும்போது ரவிக்கைத் துணியில் விரலகலத் துண்டுகளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனால், விளக்கு வெளிச்சத்தில் ஏமாற நேராது. வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் ஒத்துப் பார்க்கக் கடைக்காரர்கள் சம்மதிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் செலவிட்டு, வாரத்துக்கு வேண்டியவற்றை ஜோடி சேர்த்து வையுங்கள். ஒரு புடவை, அதன் மடிப்புக்குள் ரவிக்கை, உள்பாவாடை. இப்படி ஆறு கட்டுகள். இஸ்திரிக்குப் போயிருப்பவை திரும்பியதும் அந்தந்த நாளின் கட்டில் சேர்த்துவிடலாம். ஊக்குகளுக்கு ஒரு சிறிய கிண்ணம், பீரோவின் உள்தட்டிலேயே. நகையும் அப்படியே: ஒரு ஜோடித் தோடு, ஒரு சங்கிலி, ஒரு கைக்கெடியாரம் என்று நிரந்தரமாக்கிவிட்டால் அதைப் பற்றிய யோசனையும் மிச்சம்.

நூல் புடவைக்குக் கஞ்சியை மெல்லியதாகப் போடுங்கள். கெட்டிக் கஞ்சி போட்டால் புடவை பலகை மாதிரி நிற்கும், கொசுவம் படியாது, இழையும் மடிப்பில் முறியும். சுங்குடியையும், அடர்ந்த சாயமுள்ள மற்றவற்றையும் முதல் சில தடவை தனியாகவே அலச வேண்டும். எல்லாவற்றையும் நிழலில் உலர்த்தினால் நிறம் நெடுநாள் நிற்கும்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை

இதுவரையில் படித்துக்கொண்டு வந்த குடும்பத் தலைவர்கள், இது தங்களைப் பற்றிய விஷயமல்ல என்று நிம்மதியாக இருப்பார்கள். அவர்களுடைய தட்டையும் சற்றுத் திறந்து பார்ப்போம். ஐந்து வெள்ளைச் சட்டை அல்லது வெளிர்நீலச் சட்டை, கறுப்பிலும் சாம்பலிலுமாக மூன்று கால்சட்டை, எட்டு முழ வேட்டி இரண்டு, நாலு முழம் இரண்டு: ஓர் ஆண்பிள்ளை கௌரவமாக உத்தியோகம் பார்க்க இதற்குமேல் என்ன வேண்டும்? அவர் பத்து நிமிஷத்தில் தயாராகிவிடுவதாகப் பெருமைப்பட்டுக்கொள்கிறார். சட்டையைத் துவைத்துப் பொத்தான் தைத்து இஸ்திரிக்குப் போட்டு வாங்கி அடுக்கி வைத்தது யார் என்று கேட்டால், பேச்சு வேறு விஷயத்துக்குத் திரும்பிவிடுகிறது!

மேலே சொன்ன ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரத்தில் அவரும் கூட உட்காரட்டும். இஸ்திரி போடுவதும் பொத்தான் தைப்பதும் புருஷர்களால் முடியாத காரியங்கள் அல்ல. தையற்காரர்களிலும் சலவைத் தொழிலாளர்களிலும் எத்தனையோ பேர் ஆண்கள்தானே? காலை யுத்தம் ஓய்ந்தால் அதன் பலனை அநுபவிக்கப்போகிறவர்களில் அவரும் ஒருவர்.

இரண்டு ஆட்சேபங்கள்

"கட்டின புடவையையே கட்டிக்கொண்டு போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்பது முதல் ஆட்சேபம். அந்த நாலு பேரும் தங்கள் தங்கள் புடவைக் கவலையில் ஆழ்ந்திருப்பவர்கள். சென்ற செவ்வாய்க்கிழமை அடுத்த மேஜை அம்மாள் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாள் என்று கேட்டால், நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? புடவை பழையதா புதியதா என்பது அதிகமாகக் கண்ணில் படுவதில்லை. சுருக்கமில்லாத கொசுவம், அளவாகப் பொருந்திய ரவிக்கை, தரையிலிருந்து ஒரே உயரத்தில் நிற்கும் கீழ்க்கரை, படபடப்பில்லாத முகம் — இவைதான் கண்ணில் படுகின்றன. நாகரிகம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான்.

"எல்லோரும் பத்தோடு நிறுத்திக்கொண்டால் நெசவாளி என்ன ஆவான்?" என்பது இரண்டாவது ஆட்சேபம். இது இரக்கத்தில் பிறந்த கேள்வி. ஆதலால் தட்டிக்கழிக்கக் கூடாது. 1905-ஆம் வருஷம் ஆகஸ்டு 7-ந் தேதி கல்கத்தா டவுன் ஹாலில் சுதேசி இயக்கம் பிரகடனம் செய்யப்பட்டது. அந்த நாளை நினைவுகூர்ந்து 2015 முதல் ஆகஸ்டு 7-ந் தேதியைத் தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடி வருகிறோம். 2019-20-ல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 35 லட்சத்துக்கு மேற்பட்டோர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பெண்கள். நாம் அவர்களுடைய புடவையைப் பத்துக்குள் நிறுத்திக்கொள்வதால் அவர்கள் கெட்டுப்போவதில்லை. கைத்தறிபோலவே தோன்றும் போலித் துணியை மலிவு விலையில் வருஷத்துக்குப் பத்தாக வாங்கி, இரண்டு தடவை கட்டி, மூலையில் எறிவதால்தான் அவர்கள் கெடுகிறார்கள். சில வகைப் புடவைகளையும் வேட்டிகளையும் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-ல் சட்டம் செய்தும், விசைத்தறியில் அதே கரையும் கட்டமும் போட்டு விற்பது நிற்கவில்லை.

கைத்தறிதானா என்று தெரிந்துகொள்வதற்கு, 2006-ல் ஏற்பட்ட கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் போன்ற கூட்டுறவு ஸ்தாபனங்களில் வாங்கினாலும் சந்தேகத்துக்கு இடமிராது.

பணத்தையும் பார்ப்போம். எண்ணூறு ரூபாய்க்கு வாங்கிய ஒரு பகட்டுப் புடவை இரண்டு தடவையோடு மூலைக்குப் போனால், ஒரு தடவை உடுத்தியதற்கு நானூறு ரூபாய். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கிய கைத்தறிப் புடவையை நூறு தடவை உடுத்தினால், தடவைக்குப் பதினைந்து ரூபாய்தான். எது செட்டு, எது செலவு என்று வீட்டுக் கணக்கு எழுதும் பெண்மணிகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. போலிப் புடவைகள் ஐந்துக்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல கைத்தறி இரண்டு வாங்கலாம். நெசவாளிக்கு அதுதான் ஆதரவு.

ஆகவே, வாசகிகளே! வருகிற ஞாயிற்றுக்கிழமை பாயை விரியுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் புதிதாக வாங்கிவிட வேண்டும் என்ற அவசியம் இல்லை. இருப்பவற்றிலேயே நல்லவையாகப் பத்து அநேகமாகக் கிடைத்துவிடும். நாலு நிற ரவிக்கைகளை மட்டும் மாதத்துக்கு இரண்டாகத் தைத்துக்கொண்டு வந்தால், நாலு மாதத்தில் காரியம் முடிந்துவிடும். அதன் பிறகு தினந்தோறும் காலையில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் கால் மணி நேரத்தை, தயவுசெய்து வேறு எந்த வீட்டு வேலைக்கும் கொடுத்துவிடாதீர்கள். உட்கார்ந்து, சூடு ஆறுவதற்குள், ஒரு டம்ளர் காப்பியை முழுதாகக் குடியுங்கள்.